விளக்கொளியில் தெரிந்த நிறம்

இல்லத்துச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்போர் கடையில் தரும் வண்ண அட்டையைப் பகல் வெளிச்சத்திலோ, டியூப் லைட்டின் வெண்மையிலோ பார்த்தே முடிவு செய்கின்றனர். பூஜை அறைக்கு அந்த ஒளி போதாது. அங்கே சுவரைக் காட்டுவது நெய் விளக்கின் சுடர்.

கும்பகோணத்தில் வாழும் ஒரு முதிய தம்பதியர், பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூச ஏற்பாடு செய்தனர். பூஜை அறைக்கு அடர்ந்த நிறம் வேண்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு; எந்த நிறம் என்பதில்தான் வேறுபாடு. பெருமாளை வழிபடும் குடும்பத்தில் பிறந்த கணவர், கண்ணனின் திருமேனி நிறமான கருநீலத்தை விரும்பினார். கருவறையின் இருளில்தானே தீபம் துலங்குகிறது என்பது அவர் வாதம். அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட வீட்டிலிருந்து வந்த மனைவியோ, குங்குமத்தை ஒத்த அரக்குச் சிவப்பே மங்களம் என்றார். கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி வரும் காவிப்பட்டையை அவர் சான்று காட்டினார். இரு பக்கமும் நியாயம் இருந்தது.

"ஐயா, இரண்டையும் சுவரில் இரண்டடி அடித்துவிடுகிறேன். காய்ந்ததும் விளக்கேற்றிப் பாருங்கள்" என்றார் பெயிண்டர்.

சுடரின் ஒளியில் செம்மையும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. அதனால் அன்று மாலை சிவப்பு தணலைப்போல் ஒளிர்ந்தது, கருநீலம் மங்கியது. ஆயினும் அது நீலம் என்று கணவருக்குத் தெரிந்தது.

"அந்தப் பக்கம் ஏன் கறுப்பு அடித்திருக்கிறார்?" என்று கேட்டார் மனைவி.

கணவர் மின்விளக்கைப் போட்டார். "இப்போது பார்."

"இப்போதும் கறுப்புதானேங்க?"

மெல்ல விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. ஓராண்டாகவே ஆரத்தியின்போது சுவாமியின் திருமுகம் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாமல் கைகூப்பி நின்றிருக்கிறார். சுவரைப் பற்றிய வாதம் அத்துடன் நின்றது. மறுநாள் காலை கணவர் பெயிண்டரிடம் சிவப்பையே பூசச் சொல்லிவிட்டு, மனைவியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

கண்புரை முற்றும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறும். அது நீல ஒளியைத் தடுப்பதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றும். மெதுவாக நேர்வதால் பலரும் இதை உணர்வதில்லை. உணர்ந்தவர்களும், வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடுகின்றனர். முதியோர் உள்ள வீடுகளில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "பிடித்திருக்கிறதா?" என்பதோடு, "உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்றும் கேட்பது நல்லது.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களில் அந்த அம்மையார் பூஜை அறைக்குள் வந்தார். சிவந்த சுவரில் மாட்டியிருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணன் இவ்வளவு நீலமா!" என்றார்.

கணவர் கேட்ட நிறம் அங்கேதான் இருந்தது.