நம் சங்கத்தின் மெயிலுக்கு ஒரு பக்கத்து வீடு



நம் பழைய மாணவர் சங்கத்தின் மெயிலுக்குப் போன வாரம் ஒரு பேக்கப் சர்வர் வைத்துவிட்டோம். "அது எதுக்கு சார், வீண் செலவு?" என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். பாடம் எடுத்த வாய் சும்மா இருக்காது.

காசிமேட்டில் ஆண்கள் கடலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் மீன் ஏலத்துக்குப் போயிருப்பார்கள், வீடு பூட்டியிருக்கும். தபால்காரர் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். பேக்கப் மெயில் சர்வர் என்பது அந்த அக்காதான். கடிதத்தைப் பிரித்துப் படிக்காது, வீட்டுக்காரர் வந்ததும் ஒப்படைத்துவிடும்.

நம் சர்வர் இருப்பது உங்களில் ஒருவருடைய கடை மாடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே அடங்கிவிட்டது. ஆனாலும் பெரும்பாலான மெயில்கள் தொலையவில்லை. வாங்க ஆள் இல்லையென்றால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது வழக்கமான விதி. எல்லோரும் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. ஒரு அறக்கட்டளை அனுப்பிய மெயில் இரண்டாம் நாளே திரும்பிவிட்டது. நம் பிள்ளை ஒருத்தியின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்காகச் சான்று கேட்டு வந்த மெயில் அது. அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா போன் செய்து கேட்டதால் பிழைத்தோம். ஒவ்வொரு தடவையும் அப்படி ஒருவர் கிடைப்பாரா?

இதன் ஏற்பாடு எளிது. ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எங்கே கொடுப்பது என்பதைச் சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. 1986-இலிருந்து இருக்கும் முறை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண் உண்டு, சின்ன எண்ணுக்கே முதல் உரிமை. காசிமேட்டுக்கு 10, பேக்கப்புக்கு 20 என்று போட்டோம். 10 பதில் சொல்லாவிட்டால் மெயில் 20-க்குப் போகும்.

இதில் மூன்று விஷயம் முக்கியம்.

முதலாவது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரே புயல் இரண்டையும் சாய்த்துவிடும். 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் டிஎன்எஸ் சர்வர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்ததால், அங்கே நேர்ந்த ஒரு கோளாறில் அவர்களுடைய தளங்களை யாராலும் திறக்க முடியவில்லை. நம் பேக்கப் கோயம்புத்தூரில் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் முகவரிகளின் பட்டியலை அங்கேயும் வைத்தோம். இல்லையென்றால் இல்லாத பெயருக்கு வருவதையெல்லாம் வாங்கிவிட்டு, பிறகு சம்பந்தமில்லாதவர்களுக்குத் திருப்பி அனுப்பும். முன்வாசலில் காவல் இருந்தால் கொல்லைப்புறம் வருவது ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பழக்கம். அதனால் அங்கேயும் அதே வடிகட்டி.

மூன்றாவது, காத்திருக்கும் நாள். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் அது வழக்கமாக 5 நாள். நாங்கள் 10 ஆக்கினோம்.

வைத்தால் போதாது, சோதிக்கவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் காசிமேட்டு சர்வரை அணைத்துவிட்டு, நானே என் ஜிமெயிலிலிருந்து ஒன்று அனுப்பினேன். அது கோவையில் காத்திருந்தது. ராத்திரி சர்வரைப் போட்டதும் வந்து சேர்ந்தது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். டொமைனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கணக்கு என் ஒருவன் பெயரில் இருக்கிறது. எனக்கு 71 வயது. ஒரு வருடம் பணம் கட்டாமல் விட்டுப்போனால் பத்தும் இருபதும் சேர்ந்தே போய்விடும். பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நம்ம ஊரிலேயே இருப்பவர், இன்னொருவர் வெளியூரில் இருப்பவர். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, தேதி மறக்காதவராக இருந்தால் போதும். பொங்கலுக்குள் முடித்துவிட நினைக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.