செவலையன் நொண்டவே இல்லைங்க

செவலையனை வித்தாச்சான்னு பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க. விக்கலைங்க. அட்வான்ஸ் வாங்கின பணத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. எதுக்கு அப்படிப் பண்ணினீங்கன்னு கேக்கறவங்களுக்கு ரோட்டுல நின்னு சொல்லி முடியலை, அதனால இங்கயே எழுதிடறேன்.

போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில பிடிச்ச குட்டி அது. அப்ப எட்டு மாசம். பையன் ஆசைப்பட்டான், எனக்கும் சின்ன வயசுல இருந்தே ஒரு குதிரை வெச்சுக்கணும்னு நெனப்பு. ஆனா எங்க கை மாடு வளத்த கை. கன்னு தேறணும்னா தவிட்டை அள்ளிப் போடுன்னுதான் எங்கப்பாரு சொல்லிக் குடுத்தது. அதே மாதிரி இதுக்கும் கொள்ளை வேக வெச்சு, கோதுமைத் தவிட்டைக் கலந்து, காலையில ரெண்டு கிலோ, சாயந்தரம் ரெண்டு கிலோ போட்டேன். ஆறு மாசத்துல குட்டி மினுமினுன்னு ஆயிருச்சு. வந்தவங்க எல்லாம் முதுகைத் தடவிப் பாத்துட்டுத்தான் போவாங்க. எனக்கும் தலைக்கனம் ஏறிப்போச்சு.

மாசியில ஒருத்தர் வந்து 85 ஆயிரத்துக்குப் பேசி, 10 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார். வண்டிக்குப் பழக்கி ரேக்ளாவுக்கு விடணும்னு அவருக்கு அவசரம். சித்திரையில வந்து ஓட்டிட்டுப் போறேன்னார்.

பங்குனியில ஒரு நாள் விடியக்காலம் பால் கறந்துட்டு இருந்தேன். பையன் செவலையனைக் களத்துல நடத்திட்டுப் போனான். அந்தச் சத்தம் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. முன்னெல்லாம் ‘டக்... டக்...’ன்னு நிதானமா விழும். அன்னைக்கு எட்டு குறுகி, சுடு மணல்ல நடக்கறவன் மாதிரி சட்டுசட்டுன்னு வெச்சுது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். நொண்டலை. ஒரு முன்னங்கால் வலிச்சா, அந்தக் காலை ஊனும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல காலை வெக்கும்போது தாழ்த்தும். இவன் தலையே அசைக்கலை. “எல்லாம் நல்லாத்தான் இருக்குதுப்பா, நீ சும்மா இரு”ன்னான் பையன்.

நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனா ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா கண்ணு விடுமா? உழுத காட்டுல நடந்தா எட்டு நல்லா விழுது, சிமெண்டுக் களத்துக்கு வந்தா குறுகுது. வட்டமாத் திருப்பினா முன்னங்காலை மடக்காம, உடம்பையே நகத்தி நகத்தித் திரும்பறான். மத்தியானம் படுத்தா, வேப்பமரத்து நிழல் நகந்து வெயில் மேல பட்டாலும் எந்திரிக்க மாட்டேங்கறான். எந்திரிக்கும்போது முன்னங்காலை நீட்டி வெச்சு ஒரு நிமிஷம் யோசிக்கறான். இதுல ஒண்ணைத் தனியாச் சொன்னா நம்ம ஊர்ல சிரிப்பாங்க.

அப்புறம் புறங்கையை வெச்சுப் பாத்தேன். முன்னங்கால் முட்டிக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கத்துல, எலும்பு லேசாப் புடைச்சு இருந்துச்சு, கொஞ்சம் சூடாவும் இருந்துச்சு. சரி இந்தக் கால்தான்னு நெனச்சு அடுத்த காலைத் தொட்டேன். அதுலயும் அதே புடைப்பு, அதே சூடு. ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிச்சா எந்தக் காலுக்காக நொண்டும்? அதுதான் நொண்டல் தெரியாத சங்கதி.

டெம்போ வெச்சு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு வளர்ற எடம் வீங்கியிருக்குதுன்னாங்க. வேகமா வளந்து, உடம்பு கனத்து, இன்னும் கெட்டியாகாத எலும்பு மேல பாரம் விழுந்திருக்குது. டாக்டரம்மா என்ன தீனி போடறீங்கன்னு கேட்டதும் நான் பெருமையாச் சொன்னேன். அந்தம்மா தலையில கை வெச்சுக்கிச்சு. தவிட்டுல பாஸ்பரஸ் அதிகமாம், கால்சியம் கம்மியாம். தவிடே அதிகமாத் தின்னா வளர்ற எலும்புக்குக் கால்சியம் பத்தாதாம். தவிட்டை நிறுத்து, கொள்ளைக் குறை, புல்லும் தாது உப்புக் கலவையும் குடு, மெத்துன்ற மண்ணுல நடக்க விடு, குளம்பைச் சமமா வெட்டி வை, மூணு வயசு வரைக்கும் வண்டியில பூட்டாதேன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. குட்டியைக் கெடுத்தது நோயில்லைங்க, என் கைதான்.

வர்ற வழியில பையன் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து, “நொண்டலையே, அவருக்கு எப்படித் தெரியும்? குடுத்துரலாம்பா”ன்னான். அவன் மேல தப்பில்லை. அந்த 10 ஆயிரத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்குச் செலவு பண்ணிட்டேன், அது அவனுக்கும் தெரியும். ரெண்டு நாள் எனக்கும் அந்த நெனப்பு ஓடுச்சு, பொய் சொல்லலை. மூணாம் நாள் அவர் போன் பண்ணி, “குட்டிக்குப் பட்டை தெச்சாச்சுங்க, வந்ததும் பூட்டிரலாம்”னார். அதுக்கு மேல என்னால முடியலை. இருக்கறதைச் சொல்லிட்டேன். மச்சான்கிட்டக் கைமாத்து வாங்கி அட்வான்சைத் திருப்பிக் குடுத்தேன். வாங்கிட்டு அவர் ஒண்ணும் சொல்லலை. காபி குடிச்சுட்டு, செவலையன் முட்டியை மட்டும் ரொம்ப நேரம் தொட்டுப் பாத்துட்டுப் போனார்.

இப்பக் கொள்ளு அளக்கறது எங்க வீட்டுக்காரம்மா. படியை என் கையில குடுக்கறதே இல்லை. செவலையன் கொஞ்சம் இளைச்சிருக்கான், மினுமினுப்பும் போயிருச்சு. பாக்கறவங்க தீனி போடறதில்லையான்னு கேக்கறாங்க. முட்டியில சூடு இல்லை, புடைப்பு இன்னும் கொஞ்சம் இருக்குது. நேத்துக் காலையில களத்துல நடத்தினப்ப எட்டு கொஞ்சம் நீளமா விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் பால் கறக்கறதை நிறுத்திட்டுக் கேட்டேன். பையனும் நின்னு என்னைத்தான் பாத்தான்.