தெரிவுக் கம்பி

நுண்செயலி ஒன்று விழித்தெழும் முதல் கணத்தில், தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன பேச்சு என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். பொறுத்தருள்க, என் பிழைப்பு இதுதான்.

2004 வாக்கில் பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். மீன்பிடிப் படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி செய்ய முயன்றுகொண்டிருந்தோம். கையில் இருந்தது இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் உருவாக்கிய சிம்ப்யூட்டரின் உள்ளே இருந்ததும் அதே சில்லுதான். எழுத்தறியாதவருக்கும் கணினி என்ற அந்தக் கனவு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது, அத்தகைய கனவுகளுக்கு அடியில் கிடக்கும் ஒரு 16 பிட் எண்ணைப் பற்றி.

செயலியும் நினைவகச் சில்லுகளும் ஒரே கம்பிக் கற்றையில்தான் பேசிக்கொள்கின்றன. செயலி ஒரு முகவரியைச் சொன்னால் எல்லாச் சில்லுகளுக்கும் கேட்கும். யார் பதில் சொல்வது? அதற்கென ஒவ்வொரு சில்லுக்கும் தனியாக ஒரு கம்பி உண்டு. சிப் செலக்ட் என்பார்கள். தெரிவுக் கம்பி என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். எஸ்ஏ-1110இல் ஃபிளாஷ் போன்ற நினைவகங்களுக்கு இப்படி ஆறு கம்பிகள், ஒவ்வொன்றின் ஆளுகையிலும் 128 மெகாபைட் முகவரிப் பரப்பு.

காரைக்கால்மேட்டில் என் சித்தப்பாவுக்கு இதை விளக்க நான் அரைமணி நேரம் பாடுபட்டேன். அவர் ஒரு வரியில் முடித்தார்: "வயர்லெஸ்ஸுல எல்லாப் படகுக்கும் கேக்கும், பேரு சொன்ன படகுதான் பேசணும். ரெண்டு பேரு பேசுனா ஒண்ணும் வெளங்காது. அதானே தம்பி?" அதேதான்.

ஆனால் பெயர் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதைத்தான் பதிவகத்தில் எழுத வேண்டும். எம்எஸ்சி 0, 1, 2 என மூன்று பதிவகங்கள், ஒவ்வொன்றிலும் இரு கம்பிகளுக்கான குறிப்பு. நினைவகத்தின் வகை, 16 பிட் அகலமா 32 பிட் அகலமா, முதல் பதிலுக்கு எத்தனைத் துடிப்பு பொறுப்பது என்பதெல்லாம் அந்த 16 பிட்டுக்குள் அடங்கும். மின்சாரம் வந்தவுடன் முதல் கம்பிக்குரிய காத்திருப்பு உச்சத்தில் நிற்கும், எதிரே இருப்பது எவ்வளவு மந்தமான சில்லாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. இருட்டில் தெரியாத ஊருக்குள் நுழைபவனின் நடை அது. உண்மையான எண்ணைச் சொல்லி அதை வேகப்படுத்துவது எங்கள் வேலை.

எங்கள் ஃபிளாஷ் சில்லின் காலம் 120 நானோ நொடி. ஒரு துடிப்பு ஏறத்தாழ 10 நானோ நொடி. நான் 14 துடிப்பு வைத்திருந்தேன். திரை சுறுசுறுப்பாக வர வேண்டும் என்று குழுத்தலைவர் அதை 10 ஆக்கினார். குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க ஓடியது, ஒரு குறையும் இல்லை. அந்த 120 என்பது கடும் வெப்பத்துக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம். குளிரில் சில்லு அதைவிட விரைவாகவே பதில் சொல்லிவிடும். சூடு ஏற ஏறத் தாமதமாகும். பதில் வருமுன் செயலி படித்தால் குப்பையைக் கட்டளை என்று நம்பிச் செயல்படும்.

ஃபைபர் படகில் நிழல் ஏது? கோடியக்கரைக்குத் தெற்கே, 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கிழித்த கோட்டருகே, கத்திரி வெயிலில் கருவி உறைந்துபோனால் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது படகிலிருப்பவர்களுக்குத் தெரியாது. தாண்டினால் இலங்கைக் கடற்படை, சிறை, படகு பறிமுதல். இதைக் கூட்டத்தில் சொன்னேன். மிகைப்படுத்துகிறாய் என்றார்கள்.

பலகையை 60 டிகிரி வெப்பப்பெட்டியில் வைக்கச் சொன்னேன். 10 துடிப்பில் நாற்பது நிமிடத்தில் நின்றது. 14இல் மூன்று நாள் ஓடியது. குழுத்தலைவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நிரலில் 14 இருந்தது.

அந்தக் கருவி கடைசிவரை சந்தைக்கு வரவில்லை. சித்தப்பாவின் படகில் இருப்பது வேறொன்று. அதைத் திறந்து பார்க்க அவர் என்னை விடுவதில்லை.