ஏத்தத்துல நிக்கக் கூடாது

அப்பாவின் ஜிப்சி 1997 மாடல். ஜிப்சி கிங், 1298 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஜிப்சிக்கு எம்பிஎஃப்ஐ வந்தது 2000-இல். மூன்று வருடம் பொறுத்து வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே எங்களுக்கிருக்கும் சிறிய தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலையை மூட்டை கட்டி ஃபாக்டரியில் போடுவது, மாதத்துக்கு இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது, இவ்வளவுதான் இத்தனை வருடமாக அந்த வண்டியின் வேலை. போன மழைக்காலத்தில் அதற்கு ஐடிலிங் நிற்காமல் போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ரெண்டு தடவை இருமிவிட்டு ஆஃப்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து, த்ராட்டில் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் கார்ப் கிளீனரைப் பீய்ச்சினார். உடனே இன்ஜின் சத்தம் மாறியது. "ஏர் புடிக்குதுங்க. ஷாஃப்ட் ஓட்டை தேஞ்சு முட்டை மாதிரி ஆயிருச்சு. கிட்டு போட்டாலும் நிக்காது" என்றார். கார்புரேட்டர் என்பது அளந்து வாங்கிய காற்றுக்கு அளந்து பெட்ரோல் ஊற்றும் சாமான். கணக்கில் வராத காற்று பக்கவாட்டில் நுழைந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. ஆக, மாற்ற வேண்டும். எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் போனது.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எனக்குப் பிடித்த பதில் கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு எம்பிஎஃப்ஐ செய்வது. இப்போதும் இன்ஜினியரிங் கணக்கில் அதுதான் சிறந்தது என்பேன். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. காற்று குளிர்ந்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, டேங்கில் இருப்பது என்ன பெட்ரோல், எதுவும் அதற்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் சென்சார் பார்க்கும், கணக்குப் போடும், திருத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு டேங்கில் புது பம்ப் வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் தருவது 3, 4 பிஎஸ்ஐ; இன்ஜெக்டருக்குத் தேவை 40 பிஎஸ்ஐ அளவில். அதைத் தாங்கும் லைன், ஒரு ஈசியு, சென்சார்கள், இவற்றை இணைக்க ஒரு முழு வயரிங். மழையில் ஊறும் மலை வண்டியில் வயரிங் என்பது நம்பக்கூடிய உறவு இல்லை.

இரண்டாவது, வெபர் 32/36. இத்தாலியில் பிறந்து இப்போது ஸ்பெயினில் தயாராவது. பழைய வண்டிக்காரர்களிடம் கார்புரேட்டர் பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தப் பெயர் வந்துவிடும். எண்கள் இரண்டு தொண்டைகளின் விட்டம், மில்லிமீட்டரில். முதலில் சின்னது திறக்கும், மிதித்தால் பெரியது சேர்ந்துகொள்ளும். ஜெட்டுகள் பல அளவுகளில் கிடைக்கும், பிரித்துப் பூட்டுவது சுலபம், வேலைப்பாடு அழகு. அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் ஓடிய, ஜிப்சியின் கூடப்பிறந்த வண்டிக்கு இதைத்தான் பலரும் மாட்டினார்கள். தார் ரோட்டில் குறையே சொல்லவில்லை. செங்குத்தான பாதையில் ஏறும்போது அணைந்துவிடுகிறது என்பதுதான் அவர்களுடைய நெடுநாள் புலம்பல்.

மூன்றாவது, பெட்டியில் எந்தப் பெயரும் இல்லாமல் வரும் புது டூப்ளிகேட். விலை மலிவு. மெக்கானிக் அண்ணன் ஒன்றை வாங்கிவைத்திருந்தார். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார்: துளையின் ஓரத்தில் பிசிறு. அதோடு அது முடிந்தது.

நான்காவது, பழையதையே மீட்பது. மாருதியின் கார்புரேட்டர் காலத்தில் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து யூக்கல் என்ற கம்பெனி சென்னைப் பக்கத்தில் இவற்றைச் செய்துகொண்டிருந்தது. புதிது இனி வராது. புதுப்பேட்டையில் தேடினால் கழற்றிய பீஸ் கிடைக்கும். அதன் ஷாஃப்ட்டும் தேய்ந்துதான் இருக்கும்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏத்தத்துல நிக்காம இருக்கறது எது கண்ணு? அதச் சொல்லு மொதல்ல."

தோட்டத்திலிருந்து மேல் ரோட்டுக்கு வரும் மண்பாதை அப்படி. லோ கியரில், மூட்டைகளோடு, ஒரு வளைவில் வண்டி கிட்டத்தட்ட வானத்தைப் பார்க்கும். அங்கே இன்ஜின் அணைந்தால் வண்டியைப் பிடித்துவைக்க பிரேக் மட்டும்தான். பின்னால் பள்ளம். அப்பாவுக்கு 71 வயது. வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பதும் இந்த வளைவை நினைத்துத்தான். கார்புரேட்டர் பற்றிப் பேசிய இரண்டு மாதமும் நாங்கள் மூன்று பேரும் உண்மையில் எதைப் பற்றிப் பேசினோம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஏற்றத்தில் ஏன் நிற்கிறது? கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. மிதவையும் ஊசியும் சேர்ந்து அதில் பெட்ரோல் மட்டத்தைப் பிடித்துவைக்கும், நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியின் பால் வால்வு மாதிரி. அந்த மட்டம் மில்லிமீட்டர் கணக்கு. தொட்டி 6 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரி ஏற்றத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் மட்டம் 2 செ.மீ.க்கு மேல் மாறிவிடும். ஜெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒன்று பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் சாகும், அல்லது பெட்ரோல் வழிந்து மூச்சு முட்டிச் சாகும். தொட்டி எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு குறுகல், மிதவை எங்கே தொங்குகிறது, இதெல்லாம் ஒரு வண்டிக்கென்று யோசித்துச் செய்தால்தான் சரிவரும். வெபர் பல வண்டிகளுக்குப் பொதுவாகச் செய்தது. பழைய மிக்குனி இந்த வளைவை இத்தனை வருடம் ஏறிக் காட்டிவிட்டது. அதைவிடப் பெரிய டெஸ்ட் ரிப்போர்ட் எனக்குத் தெரியவில்லை.

எனவே நான்காவது. புதுப்பேட்டையிலிருந்து பாடி நெளியாத ஒரு பீஸ் வந்தது. அதை கோயமுத்தூர் லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து, ஷாஃப்ட் ஓட்டையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் போட்டோம். நேராகக் குடையாவிட்டால் பட்டாம்பூச்சித் தகடு சிக்கிக்கொள்ளும். பட்டறைக்காரர் அரை நாள் எடுத்துக்கொண்டார், அவசரப்படுத்தியதற்குத் திட்டவும் செய்தார். எத்தனால் தாங்கும் ஹோஸும் ரப்பர் முனை ஊசியும் புதிதாக வாங்கினோம். 1997-இல் இந்த ரப்பர்களைச் செய்தவர்கள் 20% எத்தனாலை நினைத்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஜெட். இங்கேதான் எனக்குச் சுவாரசியம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 16% அளவுக்குக் குறைவு. ஆனால் அந்தக் காற்று உறிஞ்சும் பெட்ரோல் 8% போலத்தான் குறையும். அது அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு போகும் கணக்கு. ஆக மலைமேல் கலவை சுமார் 9% ரிச். அந்தக் காலத்தில் மலைக்குச் சின்ன ஜெட் போடச் சொன்னது இதனால்தான். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20% எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு தேவை; எத்தனாலுக்கு 9 போதும். கலந்ததுக்கு 13.5 வருகிறது. அதாவது பழைய ஜெட்டில் இந்தப் பெட்ரோல் சுமார் 8% லீன். மலை கூட்டியதை எத்தனால் கழித்துவிடுகிறது! பேப்பரில் இந்த எண்கள் வந்து நின்றபோது நான் சத்தமாகவே சிரித்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர்தான். அங்கே மலை உதவிக்கு வராது, எத்தனால் மட்டும் இருக்கும். இறங்கும்போது கவலையில்லை, திரும்ப ஏறத் தொடங்கும் முதல் வளைவுகள்தான், சுமையோடும் வெயிலோடும், மோசமான இடம். லீனாக ஓடினால் சூடு ஏறும். எனவே ஒரு அளவு பெரிய மெயின் ஜெட். துளை விட்டத்தில் 4% கூட்டினால் பரப்பு 8% கூடும், சின்ன மாற்றம் போதும். மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடும், பெட்ரோல் கூடச் செலவாகும். மாதம் இரண்டு தடவை போகும் ரோட்டுக்காக தினமும் கொஞ்சம் வீணாக்குவதா என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. சூட்டில் போகும் பிஸ்டனைவிட வீணாகும் பெட்ரோல் மலிவு என்பது என் பக்கம். புகை டெஸ்ட்டுக்குப் பிரச்சினை இல்லை; 3% கார்பன் மோனாக்சைடு வரம்பை ஐடிலிங்கில்தான் பார்க்கிறார்கள், அதைத் தீர்மானிப்பது மிக்ஸர் ஸ்க்ரூ, மெயின் ஜெட் அல்ல.

முதல் தடவை மேட்டுப்பாளையம் போய்வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காப்பிப்பொடி நிறம். மண்பாதை வளைவில் அப்பா வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கில் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டார். நான் பக்கத்து சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நிற்கவில்லை.

பழைய ஜெட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரோடு டேஷ்போர்டில் வைத்திருக்கிறார் மெக்கானிக் அண்ணன். "ரிச்சு அதிகமாத் தெரிஞ்சா மாத்திக்குங்க, பத்து நிமிச வேலைங்க" என்று அப்பாவுக்குக் காட்டிக்கொடுத்தார். அப்பா இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டார். இரண்டாவது தடவை அம்மா டார்ச் பிடித்தாராம்.