எல் ஜெம்மில் கண்ட கல் சித்திரங்கள்

துனீசியா தேசத்தில், சூஸ் நகரத்திலிருந்து தெற்கே ஸ்ஃபாக்ஸ் செல்லும் ரயில் பாதையில், ஒலிவத் தோப்புகளின் நடுவே இருக்கிறது எல் ஜெம் என்னும் சிற்றூர். திஸ்ட்ரஸ் என்ற பெயரோடு, ஒலிவ எண்ணெய் வியாபாரத்தால் கொழித்த பழைய ரோமானிய நகரம் இதுவே. இங்கு வரும் பிரயாணிகளில் அநேகர், மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பிரம்மாண்டமான நீள்வட்ட அரங்கத்தைக் கண்டு வியந்து, அவ்வளவோடு திரும்பிவிடுகிறார்கள். ஊரிலேயே இருக்கும் பொருட்காட்சிசாலையை அவர்கள் பாராமற் போவது பெரும் நஷ்டம்.

யானையின் தோலைத் தும்பிக்கையோடும் தந்தங்களோடும் சிரசில் அணிந்த ஆப்பிரிக்க தேவி, காட்டுப்பன்றியைக் குதறும் சிங்கங்கள் என்று அங்கே சுவர்களில் நிற்கும், சிறு கற்களைப் பதித்த சித்திரங்கள் யாவும் ஒரு காலத்தில் செல்வர் வீட்டாரும் விருந்தினரும் மிதித்து நடந்த தரைகள். உருவங்களின் அழகு எவர் மனத்தையும் கவரும். ஆனால் தொழிலாளியின் கையைக் காண விரும்புகிறவர், உருவத்தை விட்டு, அதைச் சூழ்ந்த வெள்ளைப் பரப்பையே உற்று நோக்க வேண்டும். மிருகத்தின் முதுகை ஒட்டிய ஓரிரு வரிசைக் கற்கள் அதன் வளைவுக்கு இணங்கி வளைந்து செல்ல, அப்பாலுள்ளவை நேர்வரிசைகளாகி, இரண்டும் சந்திக்கும் இடுக்குகளில் ஆப்புப்போல் வெட்டிய துண்டுகள் இடைவெளி தெரியாமல் அடைக்கப்பட்டிருக்கின்றன. எவர் கண்ணிலும் படாத அந்த மூலைகளில் காட்டிய சிரத்தையைத்தான் நான் இக்கலையின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

இத்தொழில் இவ்வூரில் இன்றும் நடக்கிறது. நான் சென்ற பட்டறையில், மரக்கட்டையில் வாய் மேலாகப் பதித்த உளியின்மீது கல்லை வைத்து ஒரு பெரியவர் சுத்தியலால் தட்ட, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில் அது பிளந்து விழுந்தது. முதலில் உருவம், பிறகு அதைச் சுற்றிய வரிசை, கடைசியில் பரப்பு என்பதே முறை என்றார் அவர். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கல்லிலேயே கிடைக்கும். இத்தேசத்துச் செம்து மலையின் மஞ்சள் சலவைக்கல் ரோமாபுரி வரையில் கீர்த்தி பெற்றிருந்தது. பளிச்சென்ற நீலத்துக்கும் பச்சைக்கும் பண்டைக் கலைஞர்கள் கண்ணாடித் துண்டுகளை நாடினார்கள்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்குக் கிடைத்த ஊதியம் என்ன? கி.பி. 301-இல் டயக்ளீஷியன் சக்ரவர்த்தி பிறப்பித்த விலைக் கட்டளை, தரைச் சித்திரம் பதிப்பவனுக்கு உணவோடு நாளொன்றுக்கு 50 தெனாரியஸ் என்று விதிக்கிறது. தச்சனுக்கும் அதே தொகை, உருவம் வரையும் ஓவியனுக்கோ 150. தரைச் சித்திரம் பதித்தவர்களில் தம் பெயரைக் கல்லில் பொறித்துச் சென்றவர்கள் மிகச் சிலரே.

அந்தப் பழைய தரைகளில், கடந்த நூற்றாண்டில் பெயர்த்தெடுத்த பலவற்றை இரும்புக் கம்பி வைத்த சிமென்டில் பதித்தார்கள். கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது சிமென்ட் வெடித்து, அதனோடு கற்களும் பெயர்ந்துபோகின்றன. ஆகவே இப்போது, இடம்பெயர்க்காமல் கிடந்த நிலையிலேயே காப்பதை முதன்மையாகக் கொண்டு, துனீசியாவின் தேசிய பாரம்பரிய நிறுவனமும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் சேர்ந்து உள்நாட்டுத் தொழிலாளிகளைப் பழக்கியிருக்கின்றன. விரிசலிலுள்ள மண்ணைச் சிறு கத்தியால் சுரண்டி, தூரிகையால் துடைத்து, நீர் தெளித்து, சுண்ணாம்புக் காரையை அவர்கள் விரல் நுனியளவாக இட்டு அழுத்துகிறார்கள். அக்காரை வெயிலில் சடுதியில் காய்ந்து வெடிக்காதபடி ஈரத்துணியால் மூடி வைக்கிறார்கள்.