தமஸ்கு வழியில் ஒரு கேள்வி

சனவரி 25ஆம் நாள், முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுலின் மனமாற்றத் திருவிழா. அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் இல்லத்தில் மாலைச் செபம் முடிந்ததும், பள்ளியில் பயிலும் என் மகன் ஓர் ஐயத்தை எழுப்பினான்.

"அப்பா, திருத்தூதர் பணிகள் நூலில் 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களில் இந்நிகழ்ச்சி வருகிறது. உடன் சென்றோர் குரலைக் கேட்டார்கள் என்கிறது ஓரிடம். கேட்கவில்லை என்கிறது மற்றோரிடம். ஒன்றில் அவர்கள் நிற்கிறார்கள். இன்னொன்றில் எல்லாரும் தரையில் விழுகிறார்கள். எது உண்மை?"

"இறைவார்த்தையில் குற்றம் காண்பதா?" என்று கடிந்துகொண்டேன். விடை தெரியாமையே என் சினத்திற்குக் காரணம். மறுநாள் அவன் செபத்திற்கு வரவில்லை.

அன்றிரவு மூன்று அதிகாரங்களையும் பொறுமையாகப் படித்தேன். ஒன்பதாவதில் லூக்காவே வரலாற்றைச் சொல்கிறார். இருபத்திரண்டாவதில் எருசலேமில் கொதித்தெழுந்த யூதர்முன் பவுல் பேசுகிறார். ஆகவே அனனியா திருச்சட்டத்தைப் பேணிய பக்தர் என்பதை எடுத்துரைக்கிறார். அகிரிப்பா அரசர்முன் பேசும்போதோ அனனியாவைக் குறிப்பிடவே இல்லை. பிற இனத்தாரிடம் தாம் அனுப்பப்பட்டதையே வலியுறுத்துகிறார். குரலைப் பொறுத்தவரை, கிரேக்க மூலத்தில் அச்சொல் ஈரிடத்திலும் வெவ்வேறு வேற்றுமையில் நிற்கிறது. ஓசை கேட்டது, பொருள் விளங்கவில்லை என்று சிலர் விளக்குவர். அதை ஏற்காத அறிஞரும் உளர்.

அப்போது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் வீசிய தானே புயலைப் பற்றி அவர் அயலாரிடம் சொன்னால் கூரை பறந்ததைச் சொல்வார்; பங்குத்தந்தையிடம் இரவெல்லாம் செபமாலை சொன்னதை; பேரனிடம் கன்றுக்குட்டியை வீட்டிற்குள் இழுத்து வந்ததை. விளக்கு முதலில் அணைந்ததா, கூரை முதலில் போனதா என்பதும் மாறும். அதனால் புயலே வீசவில்லை என்போமா?

மூன்று அதிகாரங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. சவுல் துன்புறுத்தியது சீடர்களை. ஆண்டவரோ, தம்மையே ஏன் துன்புறுத்துகிறாய் என்று கேட்கிறார். எளியவர்மேல் விழும் அடி அவர்மேலேயே விழுகிறது. உண்மையைத் தேடிய சிறுவனை அதட்டி வாயடைத்த எனக்கும் அக்கேள்வி உரியதே.

மறுநாள் மகனிடம், "நான் கடிந்தது தவறு, தம்பி. நின்றார்களா, விழுந்தார்களா என்பதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. வா, சேர்ந்தே படிப்போம்" என்றேன். அன்று மாலை அவனே விவிலியத்தை எடுத்து வந்தான்.

பெற்றோரே, கேள்வி கேட்கும் பிள்ளை விசுவாசத்தை விட்டு விலகிச் செல்வதில்லை. நாம் விரட்டினால்தான் செல்கிறது.