இளையதின் துணையில்லாத பீப்பாய்

ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் கபதாஸாக, அதாவது ஒயின் கிடங்கின் தலைமைப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நாற்பது வயதான ஒற்றை ஆண்டு ஒலோரோசோ ஷெர்ரியில் ஒரு விருந்தாளி பனிக்கட்டியைப் போட்டதை இன்னும் அவரால் பொறுக்க முடியவில்லை.

பல ஆண்டு ஷெர்ரிகளைக் கலந்து முதிரவைக்கும் சொலேரா முறை வேறு கணக்கு. அடிவரிசைப் பீப்பாயில் எடுத்த அளவுக்கு மேல்வரிசையின் இளைய ஷெர்ரி இறங்கி, முதுமையின் தளர்ச்சியைச் சரிக்கட்டும். அன்யாதா எனப்படும் ஒற்றை ஆண்டு ஷெர்ரிக்கு அந்தத் துணை கிடையாது. ஓராண்டின் விளைச்சலை மட்டும் ஊற்றி, ஒழுங்குமுறை வாரியம் முத்திரை வைத்தபின் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. 500 லிட்டரில் ஆண்டுக்கு 3 சதவீதம் ஆவியானால்கூட, 40 ஆண்டில் மிஞ்சுவது 150 லிட்டருக்கும் குறைவு. கொன்சாலெஸ் பியாஸ் நிறுவனம் 1920 முதல் இப்படிப் பீப்பாய்களை ஒதுக்கி வருவதை மரியாதையோடு சொல்வார். பலனை அடுத்த தலைமுறைதான் காணும் என்று தெரிந்தே செய்த வேலை அது.

அவரை ஆயுள் முழுக்க அலைக்கழித்தது ஒரே கேள்வி: எப்போது புட்டியில் அடைப்பது? உலர்ந்த காற்றில் தண்ணீர் போகப் போக ஆல்கஹால் 20 சதவீதத்தைத் தாண்டும். புளிப்பு இறுகும், கிளிசரின் திரளும், ஓக் மரக் கசப்பும் கூடவே ஏறும். பாகுப் பதம் போலத்தான். தவறவிட்டால் மீட்க வழியில்லை. சொலேராவில் பழகியவர்கள் இந்தப் பயத்தை அறியமாட்டார்கள் என்பது அவர் கட்சி. வெனென்சியா என்ற நீண்ட காம்புக் கரண்டியால் மொண்டு ஒரு மிடறு விழுங்கியதும் நாவின் ஓரங்களைக் கவனிப்பார். உமிழ்நீர் ஊறினால் இன்னும் காலம் இருக்கிறது. வாய் வறண்டால் மரம் ஜெயித்துவிட்டது.

மூக்கை மட்டும் நம்பாதே என்பார். மிகப் பழைய ஷெர்ரி ஊற்றிய உடனே வார்னிஷ் நெடி அடிக்கும்; அரைமணி பொறுத்தால் வாதுமை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய மரப்பெட்டி என்று பிரியும். இளைய பரிமாறுநர்கள் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, மூக்கு நுழையாத சிறு குவளையில் ஊற்றி, கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புகிறார்கள். 15 டிகிரியும் அகன்ற வெள்ளை ஒயின் குவளையும் போதும் என்று எத்தனை முறை சொல்வது?

வயதைக் கேட்கிறார்கள், சுவையைக் கேட்பதில்லை என்பது அடுத்த மனக்குறை. 2000-இல் 20, 30 ஆண்டுச் சான்று முத்திரைகள் வந்த பிறகு எண்ணே விலையாகிவிட்டது. கசந்துபோன ஐம்பதைவிட உயிருள்ள முப்பதே மேல் என்று அவர் சொன்னால், விற்பனைப் பிரிவில் யாரும் குறித்துக்கொள்வதில்லை.